ரெண்டு இலை, ஒரு கேள்வி: கோத்தகிரி மாலை வகுப்பில் நான் இங்கிலீஷ் சொல்லித்தரும் முறை

எங்கள் வகுப்பில் முதல் நாள் யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் மேடு ஏறினால் ஒரு மாடி அறை. வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஆறரைக்கு வகுப்பு. ஜீப் ஓட்டும் தம்பிகள் வருவார்கள். வீட்டில் இரண்டு அறையை வெளியூர்க்காரர்களுக்கு விட்டிருக்கும் படுகர் இன அம்மாக்கள், தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே வருகிற அக்காமார், கோயம்புத்தூரில் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பெண்கள் என்று எல்லா வயதிலும் ஆள் உண்டு. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்கு மேல் போனால் ஒருவருக்குப் பேச ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது.

முதல் நாள் நான் கேட்பது இதுதான்: "இன்னிக்குக் காலையில இருந்து நீங்க யார்கிட்ட என்னென்ன கேட்டீங்க? தமிழ்லயே எழுதுங்க."

எழுதத் தெரியாதவர் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். "எத்தனை கிலோ வந்துச்சு?" "மேட்டுப்பாளையம் ரோடு திறந்துட்டாங்களா?" "சுடுதண்ணி வேணுங்களா?" "குன்னூர் பஸ் போயிடுச்சா?" "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" ஒவ்வொருவர் நோட்டிலும் பதினைந்து இருபது கேள்வி சேர்ந்துவிடும். அந்தப் பக்கம்தான் அவரவருக்குப் பாடத்திட்டம். முதல் மாதம் முழுக்க அதை வைத்துத்தான் ஓட்டுவேன்.

பதிலை விட்டுவிட்டுக் கேள்வியில் தொடங்குவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. 1976இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலைக்கு வந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசாங்கம் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்திருந்தது. அம்மா அங்கே கொழுந்து பறித்தார். நான் தமிழ் வழியில் படித்தேன். இங்கிலீஷ் இலக்கணத்தில் எப்போதும் நல்ல மார்க். "ராமா கில்ட் ராவணா" என்று கொடுத்தால் "ராவணா வாஸ் கில்ட் பை ராமா" என்று தூக்கத்திலும் திருப்புவேன்.

பத்தொன்பது வயதில் கோயம்புத்தூரில் ஒரு ஆபீசில் இன்டர்வியூ. எழுத்துத் தேர்வில் எல்லாம் சரியாகப் போட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னேன். கடைசியில் அந்த அதிகாரி, "டூ யூ ஹாவ் எனி க்வெஸ்சன்ஸ்?" என்றார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: தங்க இடம் தருவார்களா? அது தெரியாமல் அப்பா என்னை அனுப்ப மாட்டார். "இஸ் தேர் அ ஹாஸ்டல்?" நான்கே சொல். பன்னிரண்டு வருடம் இங்கிலீஷ் படித்த எனக்கு அந்த நான்கு சொல் வாயில் வரவில்லை. "நோ சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தங்க வழி தெரியாததால் போகவில்லை. அதே ஆபீசில் பெண்களுக்கு ஹாஸ்டல் இருந்தது என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடம் எங்களுக்குப் பதில் சொல்ல மட்டுமே பழக்கியிருந்தது. கேள்வி டீச்சருடையது, பதில் பிள்ளையுடையது. பதில் மட்டும் தெரிந்தவரிடம் பேச்சு தொடங்கவும் தொடங்காது, தொடங்கினாலும் நீளாது. பின்னால் நானே இருபத்திரண்டு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தபோது இன்னொன்றும் புரிந்தது. இங்கிலீஷ் இலக்கணத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் காலம், ஆள், துணைவினை, சொல் வரிசை எல்லாமே ஒரு கேள்வி வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கின்றன. கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழகியவருக்குப் பதில் தானாகச் சரியாக வரும். பதிலில் தேறியவருக்குக் கேள்வி தானாக வருவதில்லை. நானே அதற்குச் சாட்சி.

முதல் வாரம்: நான்கு கைப்பிடி

மலைப் பாதையில் வளைவில் கைப்பிடிக் கம்பி இருந்தால் வயதானவர்களும் துணிந்து இறங்குவார்கள். அதைப் போல நான்கு வாக்கியங்களை முதல் வாரமே மனப்பாடமாக்கிவிடுவேன். இலக்கணம் எதுவும் விளக்குவதில்லை.

"சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?"
"குட் யூ ஸ்பீக் ஸ்லோலி, ப்ளீஸ்?"
"வாட் டஸ் தட் மீன்?"
"ஹௌ டூ யூ சே இட் இன் இங்கிலீஷ்?"

நான்கும் கேள்விகள் என்பதைக் கவனியுங்கள். இவை கையில் இருந்தால் புரியாத இடத்தில் ஆள் ஊமையாகிவிட மாட்டார். பயம் பாதி அங்கேயே போய்விடுகிறது. முதல் வாரம் நான் வேண்டுமென்றே வேகமாகப் பேசுவேன், புரியாத சொல்லைப் போடுவேன். யாராவது "சாரி, குட் யூ..." என்று ஆரம்பிக்கும் வரை நிறுத்த மாட்டேன். இங்கிலீஷ் பேசும் ஒருவரை இடைமறித்து நிறுத்தலாம் என்பதே நம் மக்களுக்குப் புதிது. எஸ்டேட்டில் துரையிடம் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாத பரம்பரை. அந்தக் கூச்சம் உடைய ஒரு வாரம் முழுதாகச் செலவானாலும் பரவாயில்லை.

ரெண்டு இலை, ஒரு மொட்டு

நல்ல கொழுந்து எது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெண்டு இலை, ஒரு மொட்டு. பேச்சுப் பயிற்சிக்கும் நான் அந்தக் கணக்கையே வைத்திருக்கிறேன். ஒருவர் கேள்வி கேட்டால் முதல் இலை பதில். இரண்டாம் இலை அதோடு கூட ஒரு விவரம். மொட்டு, திருப்பிக் கேட்கும் கேள்வி.

"டிட் யூ ஒர்க் டுடே?"
"யெஸ், ஐ டிட். ஐ பிளக்ட் ட்வென்டி டூ கிலோஸ். வாட் அபௌட் யூ?"

வகுப்புக்கு ஒரு கிளைக் கொழுந்து கொண்டுவரச் சொல்வேன். அது யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்க வேண்டும். பதில் சொல்பவர் மொட்டு வரை வந்தால்தான் கொழுந்து அவர் கைக்குப் போகும். "யெஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எதிரில் இருப்பவர், "அக்கா, ஒரே இலையைக் கிள்ளிட்டீங்க" என்பார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

வீட்டில் தனியாகப் படிப்பவர்களும் இதைச் செய்யலாம். போனில் உங்கள் குரலிலேயே ஒரு கேள்வியைப் பதிவு செய்து, கேட்டு, பதில் சொல்லி, திருப்பி ஒரு கேள்வியும் கேளுங்கள். கண்ணாடி முன் நின்று பேசச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தைப் பற்றிய நினைப்புதான் வரும். காதில் கேட்டால் வாக்கியம் பிடிபடும்.

முதலில் டிட், பிறகு டூ, கடைசியில் டஸ்

புத்தகங்கள் நிகழ்காலத்தில் ஆரம்பிக்கின்றன. நான் இறந்த காலத்தில் ஆரம்பிப்பேன். இரண்டு காரணம். மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் பேசுவது பெரும்பாலும் நேற்று நடந்ததைத்தான். அதோடு இங்கிலீஷில் இறந்த காலக் கேள்விதான் சுலபம். நான், நீ, அவன், அவர்கள் என்று யாராக இருந்தாலும் ஒரே "டிட்".

இந்த டிட், டூ, டஸ் எதற்கு வருகிறது என்று விளக்கத்தான் எல்லா ஆசிரியருக்கும் நாக்கு வறண்டுபோகும். தமிழில் கேள்விக்கு வாலில் ஒரு "ஆ" போட்டால் போதும். "வந்தீங்க", "வந்தீங்களா". இங்கிலீஷில் அந்த வால் இல்லை. முன்னால் ஒரு சொல் வந்து நிற்கிறது. ஏன்?

நான் மலை ரயிலைக் காட்டுவேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். கல்லாறு வரைக்கும் சமதளம், ரயில் சாதாரணமாகப் போகும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை செங்குத்து, 12 அடிக்கு 1 அடி ஏறுகிற இடமும் உண்டு. அங்கே மட்டும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறும். குன்னூர் தாண்டி ஊட்டி வரை மறுபடி பல் தேவையில்லை.

"யூ டிரிங்க் டீ" என்பது சமதளம். வினைச்சொல் தானே இழுத்துக்கொண்டு போகிறது. கேள்வி ஏற்றம். "இல்லை" என்பதும் ஏற்றம். அங்கே "டிரிங்க்" தனியாக இழுக்காது. பல்சக்கரம் வேண்டும். அதுதான் டூ. "டூ யூ டிரிங்க் டீ?" "ஐ டோன்ட் டிரிங்க் டீ." பாரம் முழுக்கப் பல்சக்கரத்துக்கு மாறிவிடுவதால் காலமும் அதோடு போய்விடும், வினைச்சொல் வெறுமையாகிவிடும். "யூ டிராங்க்" என்பது "டிட் யூ டிரிங்க்?" ஆகிறது. "டிட் யூ டிராங்க்?" என்பது ஒரே பாரத்தை இரண்டு இடத்தில் ஏற்றுவது. "ஷி டிரிங்க்ஸ்" என்பதில் இருக்கும் ஸ் தாவிப் போய் டஸ்ஸில் உட்கார்ந்துகொள்கிறது: "டஸ் ஷி டிரிங்க்?"

ஆம், இஸ், ஆர், வாஸ், கேன், வில், ஹாவ் ஆகியவை பல்சக்கரத்தோடு செய்து வந்த எஞ்சின்கள். அவற்றுக்கு டூ தேவையில்லை. இடம் மாறி முன்னால் வந்தால் போதும். "யூ ஆர் ரெடி", "ஆர் யூ ரெடி?" "ஹி கேன் டிரைவ்", "கேன் ஹி டிரைவ்?" ஆனால் "ஹாவ்" என்பது "என்னிடம் இருக்கிறது" என்ற பொருளில் வந்தால் சாதாரண வினைதான். அதற்கு டூ வேண்டும்: "டூ யூ ஹாவ் சேஞ்ச்?"

ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ கல்லாறு எங்கன்னு தெரிஞ்சா போதும் டீச்சர்" என்றார். அவ்வளவுதான் விஷயம். அவர் அன்றைக்குப் பிறகு "யூ வாண்ட் டீ?" என்று கேட்டதை நான் கேட்கவில்லை.

டஸ்ஸுக்குக் கடைசி இடம் கொடுப்பதும் ஒரு அனுபவத்தில்தான். தமிழில் போறேன், போறே, போறான், போறா, போறாங்க, போகுது என்று ஆளுக்கொரு வால். இங்கிலீஷில் நிகழ்காலத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வால், ஹி, ஷி, இட் வரும்போது. அத்தனை வால்களைச் சிறு வயதிலிருந்து பிழையில்லாமல் பேசுகிறவர்களுக்கு இந்த ஒற்றை ஸ் எம்மாத்திரம் என்று வகுப்பில் சொல்வேன். அது அவர்களுக்குத் தைரியம் தரும். ஆனாலும் நாக்கில் பழக மாதங்கள் ஆகும். ஸ் விட்டுப்போனால் யாருக்கும் அர்த்தம் கெடாது, எனவே ஆரம்பத்தில் அதற்காக யாரையும் நிறுத்துவதில்லை.

"யெஸ்" சொல்லி மாட்டிக்கொள்ளும் இடம்

இது ஒரு சின்ன விஷயம், ஆனால் இதனால் நடக்கிற குழப்பம் பெரிது. எதிர்மறையாகக் கேட்கும் கேள்விக்குத் தமிழும் இங்கிலீஷும் நேர்மாறாகப் பதில் சொல்கின்றன.

"உங்ககிட்ட சில்லறை இல்லையா?" "ஆமா, இல்ல." நாம் கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறோம். இங்கிலீஷ்காரர் கேள்வியைப் பார்ப்பதில்லை, உண்மை நிலையைப் பார்க்கிறார். இல்லை என்றால் "நோ, ஐ டோன்ட்". இருக்கிறது என்றால் "யெஸ், ஐ டூ".

எங்கள் டிரைவர் ஒருவரிடம் ஒரு பயணி, "டோன்ட் யூ ஹாவ் சேஞ்ச்?" என்று கேட்டிருக்கிறார். இவர் "யெஸ்" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறார். அவரும் சில்லறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இருவருக்கும் மனக்கசப்பு. இங்கிலீஷே தெரியாமல் இருந்திருந்தால் கையைக் காட்டிச் சமாளித்திருப்பார். பாதி தெரிந்ததால் வந்த வினை.

இதற்கு என் வழி: முதல் மூன்று மாதம் யெஸ், நோ இரண்டையும் தனியாகச் சொல்லத் தடை. "யெஸ், ஐ டூ", "நோ, ஐ டோன்ட்", "யெஸ், இட் இஸ்", "நோ, இட் இஸ்ன்ட்" என்று வாலோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வால் இருந்தால் கேட்பவருக்கும் சந்தேகம் வராது, சொல்பவருக்கும் எது உண்மை என்று யோசிக்க அரை நொடி கிடைக்கும்.

தமிழ் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தவை

இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று அபராதம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வீட்டுச் சாவியைப் பிடுங்கிவைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகச் சொல்வதைப் போலத் தோன்றும். தமிழ் தெரிந்த ஒருவருக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவே.

"த" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போடுவது என்று எம்.ஏ. படித்தவர்களும் தவிப்பார்கள். தமிழில் "ஸ்வெட்டர் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு ஸ்வெட்டர். "ஸ்வெட்டரை வாங்கினேன்" என்றால் நீங்களும் நானும் முன்பே பேசிய அந்த ஸ்வெட்டர். அந்த "ஐ" உருபு செய்யும் வேலையைத்தான் இங்கிலீஷில் "த" செய்கிறது. "ஐ பாட் அ ஸ்வெட்டர்." "ஐ பாட் த ஸ்வெட்டர்." எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பொருளைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான், ஆளைப் பற்றிப் பேசினால் தமிழில் எப்போதும் ஐ வரும். ஆனால் இந்த ஒரு திறவுகோலை வைத்தே முக்கால்வாசி இடங்களைத் திறந்துவிடலாம்.

"சாப்பிட்டேன்", "சாப்பிட்டாச்சு" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். "சாப்பிட்டாச்சு" என்றால் வேலை முடிந்தது, இப்போது எனக்கு வேண்டாம் என்று பொருள். அந்த "ஆச்சு"தான் "ஹாவ்". "ஐ ஹாவ் ஈட்டன்." "பஸ் போயாச்சு", "த பஸ் ஹாஸ் லெஃப்ட்." ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழில் "நேத்தே அனுப்பியாச்சு" என்று சொல்லலாம். இங்கிலீஷில் நேற்று, போன வாரம், 2018இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹாவ் ஓடிவிடும்: "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே." எங்கள் பக்கத்து உதாரணம் சொல்ல வேண்டுமானால், "ஐ ஹாவ் சீன் குறிஞ்சி" சரி. "ஐ சா குறிஞ்சி இன் 2018" சரி. இரண்டையும் கலந்தால் தப்பு. நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது என்பதால் எதிர்காலப் பயிற்சிக்கும் அதையே வைத்துக்கொள்வேன்: "வில் யூ கம் இன் 2030?"

ஃபார், சின்ஸ் குழப்பமும் இதே வகைதான். "பத்து வருஷமா" என்று "மா" வந்தால் ஃபார். "2015லேர்ந்து" என்று "லேர்ந்து" வந்தால் சின்ஸ். "சின்ஸ் டென் இயர்ஸ்" என்று நம்மவர்கள் சொல்வது ஒரே நாளில் நின்றுவிடும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. "எனக்குக் குளிருது", "எனக்குச் சளி பிடிச்சிருக்கு" இரண்டிலும் நமக்கு "எனக்கு"தான். இங்கிலீஷில் முதலாவது "ஐ ஆம் கோல்ட்", இரண்டாவது "ஐ ஹாவ் அ கோல்ட்". தங்க வந்த பெண் ஒருத்தி ராத்திரி "ஐ ஆம் கோல்ட்" என்று சொல்ல, எங்கள் வகுப்பு அம்மா மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். அவள் கேட்டது இன்னொரு கம்பளி. கஷாயத்தையும் குடித்துவிட்டு நன்றி சொன்னாளாம். மறுநாள் வகுப்பில் இரண்டு வாக்கியத்தையும் பலகையில் எழுதி, பக்கத்தில் கம்பளியும் டம்ளரும் வரைந்தோம். டிசம்பரில் இங்கே வீடு விடுகிற எல்லாருக்கும் இந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க வீட்ல எத்தனையாவது பிள்ளை?" என்பதை இங்கிலீஷில் கேட்கச் சொல்லி எல்லாரும் என்னைச் சோதிப்பார்கள். "எத்தனையாவது" என்பதற்கு அங்கே சொல்லே இல்லை. சுற்றிப் போக வேண்டும்: "ஆர் யூ த எல்டஸ்ட்?" "ஹௌ மெனி ஆர் ஓல்டர் தான் யூ?" சொல் கிடைக்காதபோது சுற்றிப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ரோடு அடைத்தால் நாம் சுற்றுப் பாதையில் போவதில்லையா?

ஒலி

உச்சரிப்பில் நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. வெள்ளைக்காரரைப் போலப் பேச யாரும் இங்கே வரவில்லை. நம் தமிழ் வாடை இருக்கட்டும். புரியாமல் போகிற இடங்களை மட்டும் திருத்துவேன். எ, ஒ-வில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் நமக்கு யகரமும் வகரமும் ஒட்டிக்கொள்ளும்: எக் "யெக்" ஆகும், ஓன்லி "வோன்லி" ஆகும். கவனித்தால் போய்விடும். "வெஜிடேபிள்" என்பதில் மேசை இல்லை, "வெஜ்டபுள்" என்று மூன்றே அசை. சமையல் செய்து போடுகிறவர்கள் நாளைக்கு நான்கு தடவை சொல்லும் சொல் என்பதால் இதைக் கட்டாயம் பழக்குவேன்.

எண்களில்தான் விடமாட்டேன். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் நம் வாயில் ஒன்றாகிவிடும். "ஃபிஃப்டீன்" என்பதில் அழுத்தம் பின்பாதியில், அது நீளும். "ஃபிஃப்டி" என்பதில் அழுத்தம் முன்னால், பின்பாதி சட்டென்று முடியும். காலை 5.15க்கு வரச்சொன்ன குடும்பத்தை எங்கள் டிரைவர் 5.50க்குப் போய் ஏற்றினார். கோடநாடு காட்சிமுனையில் சூரிய உதயம் பார்க்கக் கிளம்பியவர்கள் முப்பத்தைந்து நிமிடம் பனியில் நின்றிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் நேரமோ வாடகையோ சொன்னால் இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்டு உறுதி செய்வது வழக்கம்: "ஃபைவ், ஒன் ஃபைவ்?" மறுபடியும் கேள்விதான்.

"ங்க" எங்கே போச்சு?

"சொல்லுங்க", "வாங்க", "உட்காருங்க". நம் மரியாதை முழுக்க வினையின் வாலில் இருக்கிறது. இங்கிலீஷில் அந்த வால் இல்லாததால், நம்மவர்கள் மனதில் மரியாதையோடு சொன்னாலும் காதுக்கு முரட்டுத்தனமாகப் போய்ச் சேருகிறது. போனை எடுத்து "டெல் மீ" என்பார்கள். மனதில் ஓடுவது "சொல்லுங்க". கேட்பவருக்குக் கட்டளையாகப் படும். "வாட் டூ யூ வாண்ட்?" என்றால் சண்டைக்கு வருவதைப் போல இருக்கும்.

அந்த "ங்க" இங்கிலீஷில் வாக்கியத்தின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் கேள்வி வடிவத்தில். "வுட் யூ லைக் டீ ஆர் காஃபி?" "குட் யூ வெயிட் ஃபார் ஃபைவ் மினிட்ஸ்?" "மே ஐ டேக் யுவர் பேக்?" கட்டளை எதையும் கேள்வியாக்கிச் சொன்னால் மரியாதை வந்துவிடும் என்று சொல்லித்தருகிறேன். மலையில் கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்ல மாட்டோம், "போயிட்டு வரேன்" என்போம். அதை அப்படியே "ஐ வில் கோ அண்ட் கம்" என்றால் எங்கே போய் எப்போது வருவீர்கள் என்று காத்திருப்பார்கள். "சீ யூ" போதும்.

திருத்துவது

சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பாய்ந்து திருத்தாதீர்கள். "எஸ்டர்டே ஐ கோ டு ஊட்டி" என்று ஒருவர் சொன்னால், "ஓ, யூ வென்ட் டு ஊட்டி? வாட் டிட் யூ பை?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். அவர் காதில் "வென்ட்" விழுந்துவிடும். அடுத்த வாக்கியத்தில் பெரும்பாலும் அவரே போட்டுக்கொள்வார். நான் ஒரு சின்னத் தாளில் ஆளுக்கு ஒரு பிழை மட்டும் குறித்துவைப்பேன், கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுவேன். யாருடையது என்று அவரவருக்குத் தெரியும். ஒரே நாளில் ஐந்து பிழையைச் சுட்டினால் மறுநாள் ஆள் வர மாட்டார். நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் கூடையைச் சுமந்துவிட்டு, ராத்திரி சோறு ஆக்க வேண்டிய நேரத்தில் வந்து உட்கார்கிற பெண் அவர்.

சரியான வாக்கியம் வந்தால் கைதட்டுவதும் கிடையாது. அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்வேன். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய பரிசு.

வெள்ளிக்கிழமை போன்

மூன்றாவது மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் வெளியே படிக்கட்டில் நிற்பார்கள். நான் உள்ளே இருப்பேன். ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்ய வேண்டும். முகம் தெரியாது, கை அசைவு உதவாது, மழை நாளில் சிக்னலும் விட்டுவிட்டு வரும். ஆறு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். நான் சில நாள் அறை கேட்கும் பயணி, சில நாள் ஆஸ்பத்திரி வரவேற்பறை, சில நாள் வேலை கொடுக்கும் அதிகாரி. இன்டர்வியூவுக்குப் போகிற பெண்களிடம் கடைசியில் கட்டாயம் கேட்பேன்: "டூ யூ ஹாவ் எனி க்வெஸ்சன்ஸ்?" குறைந்தது மூன்று கேள்வி வர வேண்டும். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம்.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். பேரப்பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று சேர்ந்தார். மகள் குடும்பம் வெளிநாட்டில், பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. முதல் போன் வந்தது. நான் வழக்கம்போல ஒரு பயணியாகி "ஹலோ" என்றேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "டீச்சர்? டிட் யூ ஈட்?" என்றார்.

இங்கிலீஷ்காரர்கள் போனை எடுத்ததும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் டிட் இருக்கிறது, ஈட் வெறுமையாக இருக்கிறது, வரிசை சரியாக இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடமும் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அதை நான் திருத்துவதில்லை. "நாட் யெட், அக்கா. ஐ வில் ஈட் அட் எய்ட். வாட் டிட் யூ குக்?" என்றேன். "ராகிக் களி, கீரை" என்று சொல்லிவிட்டு, மொட்டை மறக்காமல், "வாட் அபௌட் யூ?" என்றார்.